காது ஜவ்வில் ஓட்டையும் ஸ்கூபா டைவிங்கும்: கிழிந்த நொடி முதல் கடலுக்குத் திரும்பும் நாள் வரை

சின்ன வயதில் சீழ் வடிந்து தானாக நின்றுபோன காது, கன்னத்தில் விழுந்த ஓர் அறை, ஆழமாகப் போய்விட்ட பட்ஸ், அல்லது முதல் டைவிலேயே ஈக்வலைஸ் செய்ய, அதாவது காதுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை வெளியே இருப்பதோடு சமன்செய்ய, தெரியாமல் கீழே போனது. காது ஜவ்வில் ஓட்டை விழ இப்படிப் பல காரணங்கள். டைவிங் ஆசை உள்ளவர்கள் அதன்பிறகு கேட்பது இரண்டே கேள்விகள்தான். ஓட்டையோடு கடலுக்குள் இறங்கலாமா? ஆபரேஷன் செய்துகொண்டால் இறங்கலாமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டை திறந்திருக்கும்வரை இறங்கக் கூடாது, ஒரு முறைகூட. ஆபரேஷன் செய்து, ஜவ்வு கெட்டியாக மூடி, காதுக்குள் காற்றைச் சமன்செய்ய உங்களால் சுலபமாக முடிகிறது என்று உறுதியான பிறகு, பெரும்பாலானவர்கள் இறங்கலாம். இதில் கடைசி நிபந்தனையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆபரேஷன் ஜவ்வைச் சரிசெய்யும். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறம் வரை போகும் யூஸ்டேசியன் குழாயை அது சரிசெய்யாது. அந்தக் குழாய் திறக்காததால்தான் ஜவ்வு கிழிந்தது என்றால், புதிதாக வைத்த ஜவ்வும் அதே வழியில்தான் போகும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஜவ்வையும் குழாயையும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில், எவ்வளவு ஆழத்தில் கிழிகிறது

ஜவ்வு என்று நாம் சொல்லும் செவிப்பறை ஒன்பது பத்து மில்லிமீட்டர் அகலம்தான். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் மூன்று அடுக்கு: வெளியே தோல், உள்ளே ஈரச் சவ்வு, நடுவில் பலம் கொடுக்கும் நார் அடுக்கு. இந்த நார் அடுக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கடலில் ஒவ்வொரு மீட்டருக்கும் அழுத்தம் சுமார் 76 மில்லிமீட்டர் பாதரசம் கூடுகிறது. நடுக்காதுக்கும் வெளியே உள்ள தண்ணீருக்கும் 60 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே வலிக்கத் தொடங்கும். 90-ஐத் தொட்டால் குழாயின் வாய் இறுகி ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு மூக்கைப் பிடித்து எவ்வளவு ஊதினாலும் அது திறக்காது. 90 என்றால் எவ்வளவு ஆழம்? ஒன்றேகால் மீட்டர்கூட இல்லை. ஜவ்வு கிழிவது 100-லிருந்து 500-க்குள், அதாவது சமன்செய்யாமல் இறங்கினால் ஒன்றரை மீட்டருக்குள்ளேயும் கிழியலாம், ஆறரை மீட்டர் வரை தாங்கவும் செய்யலாம். ‘நாங்கள் ஆழமாகவே கூட்டிப்போக மாட்டோம், ஐந்தாறு மீட்டர்தான்’ என்று படகில் யாராவது சமாதானம் சொன்னால், காதுக்கு அதிக ஆபத்தே அந்த முதல் சில மீட்டரில்தான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

‘ஓட்டை இருந்தால் ஈக்வலைஸ் செய்யவே வேண்டாமே!’

இந்த வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். ஜவ்வில் ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளே போகும், அழுத்தம் தானாகச் சமமாகிவிடும், வலியும் இருக்காது. அதுவரை சரிதான். ஆனால் உள்ளே போகிற தண்ணீர் எங்கே போய்ப் படுகிறது என்பதுதான் பிரச்சினை.

நடுக்காதின் உட்சுவரை ஒட்டித்தான் உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. உடல் சூட்டைவிடக் குளிர்ந்த நீர் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டால், அந்தக் குழலுக்குள் இருக்கும் திரவம் நகரும். தலை சுழல்வதாக மூளை நம்பிவிடும். மேல் எது கீழ் எது என்று தெரியாது, கண் தானாக ஆடும், வாந்தி வரும். நிலத்தில் இது ஒரு தொந்தரவு. பத்து மீட்டர் ஆழத்தில், வாயில் ரெகுலேட்டரோடு (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி), இது உயிர் விஷயம். பயந்துபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தால், நுரையீரலில் விரியும் காற்று அதைக் கிழித்து ரத்தத்தில் குமிழாகக் கலக்கலாம். காதில் தொடங்கிய பிரச்சினை மூளையில் போய் முடியும்.

நம் கடல் என்ன பனிக்கடலா, பாண்டிச்சேரியிலும் அந்தமானிலும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். தலைசுற்றல் நோயாளிகளுக்கு காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு சோதனை செய்வார்கள். 30 டிகிரி நீரையும் 44 டிகிரி நீரையும் காதில் மாற்றி மாற்றி விட்டுப் பார்ப்பார்கள். 37 டிகிரி உடம்புக்கு 30 டிகிரி நீர், அதுவும் முழு ஜவ்வுக்கு வெளியே பட்டாலே, படுத்திருப்பவருக்கு அறை சுழலும். நம் பக்கத்துக் கடல் பல மாதங்களில் 28, 29 டிகிரியில் இருக்கிறது. அந்தச் சோதனை நீரைவிடக் குளிர்ச்சி, அதுவும் ஓட்டை வழியாக நேராக உள்ளே.

இன்னொன்று, தொற்று. கடல்நீர் நடுக்காதில் தங்கினால் சீழ் பிடிக்கும். பலமுறை சீழ் பிடித்தால் காதின் குட்டி எலும்புகள் அரிக்கப்பட்டுக் கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறையலாம். தென்கிழக்கு ஆசியாவின் பஜாவ் மக்கள் சிறு வயதிலேயே காது ஜவ்வைக் கிழித்துக்கொண்டுதான் முக்குளிக்கிறார்கள் என்று எழுதியிருப்பதைக் காட்டி, ‘அவர்களால் முடிகிறதே’ என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அது பிழைப்பு. வயதாக ஆக, காது கேட்காமல் போவது அவர்கள் அதற்குக் கொடுக்கும் விலை. விடுமுறைக்கு மீன் பார்க்கப் போகிற நமக்கு அந்த விலையைக் கொடுக்க ஒரு அவசியமும் இல்லை.

காதை அடைத்துக்கொண்டு போகலாமா என்றால், ரப்பர், சிலிகான் அடைப்பான் எதுவும் ஸ்கூபாவில் கூடவே கூடாது. அடைப்பானுக்கும் ஜவ்வுக்கும் இடையே மாட்டிக்கொள்ளும் காற்றைச் சமன்செய்ய வழி இல்லை, ஆழம் கூடும்போது அடைப்பான் உள்ளே தள்ளப்படும். காதையும் சேர்த்து மூடி, குழாயால் கண்ணாடியோடு இணைத்த மாஸ்க்குகள் விற்கிறார்கள். காது வறண்டிருக்க அவை உதவும். ஆனால் தலைமுடி ஓரமாகக் கசிந்தாலோ, கீழே போனபின் மாஸ்க் கழன்றாலோ, ஓட்டை உள்ள காது அந்த நொடியே நனையும். உயிரை ஒரு ரப்பர் விளிம்பை நம்பி விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீருக்கடியில் கிழிந்தால்

பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வலி கூடிக்கொண்டே வரும், திடீரென்று வலி விட்டுப்போகும், காதுக்குள் ஜில்லென்று ஏதோ இறங்கும். சிலருக்குக் காதிலிருந்து குமிழி வரும். அடுத்த சில நொடிகளில் உலகம் சுற்றும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது நகராமல் இருப்பது. நங்கூரக் கயிறு, பாறை, கூட வந்தவரின் கை என்று எது கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். காதைக் காட்டி, ‘பிரச்சினை’ என்று கையை ஆட்டிச் சொல்லுங்கள். வாந்தி வந்தால் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காமல் அதற்குள்ளேயே எடுங்கள், அது வெளியே தள்ளிவிடும். மூச்சை நிறுத்தாதீர்கள். உள்ளே புகுந்த நீர் உடல் சூட்டுக்கு வந்ததும், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில், சுழற்சி அடங்கும். அப்புறம் கயிற்றைப் பிடித்தபடி, துணையோடு, மெதுவாக மேலே வாருங்கள். எது மேலே என்று சந்தேகம் வந்தால் குமிழிகள் போகும் திசையைப் பாருங்கள்.

சுழற்சி அடங்காமல் தொடர்ந்தாலோ, காதில் பலமான இரைச்சலோடு கேட்பது பெருமளவு குறைந்தாலோ, அது வெறும் ஜவ்வுக் கிழிசல் இல்லை. உட்செவி அடிபட்டிருக்கலாம், அழுத்த நீக்க நோயாகவும் (ஆழத்தில் உடலில் கரைந்த வாயு, மேலே வரும்போது குமிழாவது) இருக்கலாம். இரண்டுமே அவசரம்.

படகிலும் அறையிலும் அன்று மாலை

காதில் எதையும் விடாதீர்கள். உப்பு போகட்டும் என்று நல்ல தண்ணீரால் கழுவுவது, பட்ஸ் விட்டு ரத்தம் துடைப்பது இரண்டும் வேண்டாம். வெளியே வழிவதை மட்டும் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். டைவர்கள் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் வினிகர், ஆல்கஹால் கலந்த சொட்டு ஓட்டைக் காதில் நெருப்பாக எரியும், உள்ளே போய்க் கெடுதலும் செய்யும். வீட்டில் பெரியவர்கள் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயோடு வருவார்கள். அன்போடு வருவார்கள்தான், ஆனாலும் மறுத்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் ‘காது வலிக்கு ஏதாவது’ என்று கேட்டு வாங்குவது அதைவிட மோசம். ஜென்டாமைசின், நியோமைசின் வகை மருந்து கலந்த சொட்டுகள் ஓட்டை வழியாக உட்செவிக்குப் போனால் கேட்கும் நரம்புச் செல்களையே பாதிக்கலாம். ஓட்டை இருக்கிறது என்று தெரிந்து டாக்டர் எழுதித்தரும் சொட்டு, பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஆஃப்ளாக்சசின், வேறு விஷயம்.

மூக்கைச் சிந்த வேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

இப்போது ஒரு சிறு சோதனை. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். ஒலி எந்தக் காதில் சத்தமாகக் கேட்கிறது? அடிபட்ட காதிலேயே சத்தமாகக் கேட்டால், சிக்கல் ஜவ்விலோ நடுக்காதிலோ நிற்கிறது என்று பொருள், இது ஓரளவு ஆறுதலான செய்தி. நல்ல காதுப் பக்கம் சத்தம் ஒதுங்கி, அடிபட்ட காது செத்ததுபோல் இருந்தால், உட்செவியே பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. டாக்டர் இசைக்கவை கொண்டு செய்யும் சோதனைக்கு இது மாற்று இல்லை, எவ்வளவு அவசரம் என்று முடிவெடுக்க உதவும், அவ்வளவே.

அந்தமானிலோ லட்சத்தீவிலோ இருந்தால் விமானத்தில் திரும்பலாமா என்ற கவலை வரும். ஓட்டை இருக்கும் காதில் விமானத்தின் அழுத்த மாற்றம் ஓட்டை வழியாகவே சமமாகிவிடுவதால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. டைவுக்குப் பின் 18 முதல் 24 மணி நேரம் பறக்கக் கூடாது என்ற வழக்கமான விதி மட்டும் அப்படியே பொருந்தும். ஆனால் உட்செவிச் சந்தேகம் இருந்தால் டாக்டர் சொல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது

பொது மருத்துவரின் டார்ச்சில் எட்டிப்பார்ப்பது போதாது. எண்டோஸ்கோப்போ மைக்ராஸ்கோப்போ உள்ள காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். திரையில் அவர் காட்டும்போது நீங்களும் பாருங்கள். நல்ல ஜவ்வு முத்தின் சாம்பல் நிறத்தில், லேசான பளபளப்போடு இருக்கும். நடுவில் சுத்தி எலும்பின் கைப்பிடி சரிவாக இறங்கியிருப்பது தெரியும். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் விளிம்போடு ஓர் இருட்டு, அதற்குள் நடுக்காதின் இளஞ்சிவப்புச் சுவர். விளிம்பு ரத்தச் சிவப்பாகக் கிழிசலாக இருந்தால் புதியது, வழுவழுப்பாக உருண்டிருந்தால் பழையது.

பிறகு ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை. கிழிந்த உடனேயே ஒன்று எடுத்துவைப்பது முக்கியம். பின்னால் ஆபரேஷனுக்குப் பிறகு ஒப்பிட அதுதான் அடிப்படை, உட்செவி தப்பித்ததா என்பதும் அதில்தான் தெரியும். ஓட்டை ஜவ்வின் ஓரத்திலோ மேல்பகுதியிலோ இருந்தாலும், நாற்றத்தோடு சீழ் வந்தாலும் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். தோல் உள்ளே வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா இருக்கிறதா என்று பார்க்க. அது இருந்தால் டைவிங் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதை எடுக்க வேண்டும்.

மூக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பலரும் காதைக் காட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். வளைந்த மூக்குத் தண்டு, நாள்பட்ட சைனஸ், ஒவ்வாமைச் சளி, மூக்கின் பின்புற அடினாய்டு, இவைதான் குழாயை அடைக்கின்றன. புகைபிடிப்பவராக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், குழாயின் உட்படலத்தையும் கெடுக்கும், ஆபரேஷன் பிடிக்கும் வாய்ப்பையும் குறைக்கும்.

மூன்று மாதம் காத்திருப்பது

புதிதாக அழுத்தத்தால் கிழிந்த சிறு ஓட்டைகளில் பெரும்பாலானவை தாமாகவே மூடிக்கொள்ளும். பல ஆறு முதல் எட்டு வாரத்தில் மூடிவிடும். அதனால் மூன்று மாதம் வரை டாக்டர் கத்தியை எடுக்க மாட்டார். அந்தக் காலத்தில் உங்கள் வேலை ஒன்றுதான்: காது நனையாமல் பார்த்துக்கொள்வது. குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதின் வாயில் வையுங்கள். நீச்சல் குளம், அருவிக் குளியல் இரண்டும் கிடையாது.

மூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் அடுத்த படகில் ஏறாதீர்கள். மேலே சொன்ன நார் அடுக்கு இங்கேதான் வருகிறது. தானாக மூடும் ஓட்டையில் பல நேரம் வெளித்தோலும் உட்சவ்வும் மட்டும் சேர்ந்துவிடும், நடுவில் நார் அடுக்கு வளராது. அந்த இடம் கண்ணாடித் துண்டாக மெலிந்து, மூக்கைப் பிடித்து ஊதினால் சின்னதாக உப்பி வெளியே தள்ளும். கேட்பதில் குறை இருக்காது, ஆனால் அழுத்தத்துக்கு அது தாங்காது. டைவர்களுக்கான மருத்துவ வழிகாட்டுதலில் மெலிந்த ஒற்றைப் படலமாக மூடிய ஜவ்வும் திறந்த ஓட்டையும் ஒரே கடும் ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கின்றன. எனவே டாக்டரிடம் ‘மூடிவிட்டதா?’ என்று மட்டும் கேட்காமல், ‘மூடிய இடம் மெலிந்திருக்கிறதா, ஊதும்போது உப்புகிறதா?’ என்று கேளுங்கள்.

ஆபரேஷன் முடிவும், கேட்க வேண்டியவையும்

மூன்று மாதமாகியும் மூடாவிட்டால், அல்லது சிறு வயதிலிருந்தே இருக்கும் ஓட்டை என்றால், ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். ஜவ்வை மட்டும் அடைத்தால் மிரிங்கோபிளாஸ்டி, நடுக்காதைத் திறந்து எலும்புகளையும் பார்த்து அடைத்தால் டிம்பனோபிளாஸ்டி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இது வழக்கமாக நடக்கும் ஆபரேஷன். நல்ல கைகளில் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்குப் பிடித்துவிடும். மற்றவர்களுக்கு மறுபடி ஓட்டை விழலாம். சிலருக்கு நாக்கின் ஒரு பக்கம் சில மாதம் உலோகச் சுவை தட்டும், சுவை நரம்பு ஜவ்வை ஒட்டியே ஓடுவதால். கேட்கும் திறன் குறைவது, இரைச்சல், முக நரம்பு பாதிப்பு போன்றவை அரிது, ஆனால் கையெழுத்துப் போடுமுன் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லவேண்டியது, ‘நான் டைவிங் போகிறவன், திரும்பவும் போக விரும்புகிறேன்’. இதைக் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள், ஏனென்றால் அவர் எதை வைத்து அடைப்பார் என்பதே இதனால் மாறலாம். வழக்கமாக வைப்பது காதுக்கு மேலே உள்ள தசையின் உறை. மெல்லியது, நன்றாகப் பிடிக்கும். காதுமடலின் குருத்தெலும்பை மெல்லிய தகடாகச் சீவி வைப்பது இன்னொரு வழி, அழுத்தத்துக்கு அது உறுதியாக நிற்கும். இரண்டில் எது உங்கள் காதுக்கு ஏற்றது என்பது அவர் முடிவு. ஆனால் கேள்வி உங்களிடமிருந்து வரவேண்டும்.

அதோடு இவற்றையும் கேளுங்கள். காது எலும்புகளைத் தொட வேண்டியிருக்குமா? செயற்கை எலும்பு வைப்பதும், உட்செவியை ஒட்டியிருக்கும் குட்டி எலும்பான ஸ்டேப்ஸில் செய்யும் ஆபரேஷனும் டைவிங்குக்குப் பெரும்பாலும் முற்றுப்புள்ளி. பின்னால் உள்ள மாஸ்டாய்டு எலும்பைக் குடைவீர்களா? வெளிக்காதுத் துவாரத்தின் பின்சுவரை எடுத்துவிட்டால் அரைவட்டக் குழலுக்குத் தண்ணீர் நெருங்கிவிடும், ஓட்டை மூடினாலும் தலைசுற்றல் மிஞ்சும். என் யூஸ்டேசியன் குழாய் வேலை செய்கிறதா? இது சரியில்லை என்றால், மூக்குக்கான சிகிச்சை முதலில், காது அப்புறம்.

உங்கள் டாக்டருக்கு டைவிங் மருத்துவம் தெரியாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை. டைவிங் நிறுவனங்கள் எல்லாம் பயன்படுத்தும் மருத்துவக் கேள்விப் படிவத்தோடு டாக்டர்களுக்கான வழிகாட்டுதலும் சேர்ந்தே கிடைக்கிறது. அதை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள்.

அந்த ஒன்றிரண்டு மணி நேரம்

ஊசி போட்டு மரக்கவைத்தோ முழு மயக்கத்திலோ செய்வார்கள். காதுக்குப் பின்னால் வெட்டியோ, காதுத் துவாரம் வழியே எண்டோஸ்கோப் விட்டோ. தசையின் மேலிருந்து உறையை ஒரு துண்டு வெட்டியெடுத்து, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, தட்டில் விரித்துக் காயவைப்பார்கள். சில நிமிடத்தில் அது காய்ந்த வெற்றிலைச் சருகு மாதிரி விறைத்துக்கொள்ளும், அப்போதுதான் சுருளாமல் கையாள முடியும்.

இதற்கிடையில் ஓட்டையின் விளிம்பைச் சுற்றிலும் மெல்லியதாகக் கிள்ளி எடுப்பார்கள். இதைக் கேட்டால் நோயாளிகள் திடுக்கிடுவார்கள், இருக்கிற ஓட்டையைப் பெரிதாக்குகிறாரே என்று. பழைய ஓட்டையில் தோல் விளிம்பைச் சுற்றி உள்ளே மடங்கி ஆறிப்போயிருக்கும். ஆறிய விளிம்பு எதோடும் ஒட்டாது. அதைப் புண்ணாக்கினால்தான் புது ஜவ்வு பிடிக்கும். பிறகு காதுத் தோலோடு ஜவ்வை ஒரு பக்கமாகத் தூக்கி, உள்ளே கரையும் பஞ்சான ஜெல்ஃபோமைத் தாங்கலாக வைத்து, காய்ந்த உறையை ஓட்டையின் அடியில் சொருகி, தூக்கியதை மறுபடி படியவைத்து, மேலேயும் ஜெல்ஃபோம் அடைத்து மூடுவார்கள்.

வீட்டுக்கு வந்தபின்

ஓரிரு நாளில் தலைக்கட்டு போகும், வாரம் ஒன்றில் தையல் பிரிப்பார்கள். மெல்லும்போது வலிக்கும், தசையிலிருந்துதானே எடுத்தார்கள். காது அடைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கும். ஜெல்ஃபோம் கரையச் சில வாரமாகும், அதுவரை ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று மனம் உடையாதீர்கள். மூக்கு சிந்தக் கூடாது, தும்மல் வாய் வழியாக, குடம் தூக்குவது, ஜிம் எல்லாம் சில வாரம் கிடையாது. விமானப் பயணத்துக்கும் மூக்கைப் பிடித்து ஊதிப் பார்ப்பதற்கும் டாக்டர் தேதி சொல்லும்வரை காத்திருங்கள். ‘பிடித்துவிட்டதா’ என்று ஆவலில் ஊதிப்பார்த்து, பிடித்துக்கொண்டிருந்த ஜவ்வைத் தூக்கிவிடுகிறவர்கள் உண்டு. மூன்றாவது மாதம் மறுபடி ஆடியோகிராம்.

குழாயைப் பழக்குவது

டாக்டர் அனுமதித்த பிறகு, தண்ணீரைத் தொடுமுன்பே வீட்டில் தொடங்க வேண்டிய வேலை இது. நமக்கெல்லாம் தெரிந்தது மூக்கைப் பிடித்து ஊதும் வல்சால்வா முறை. இத்தாலியின் அந்தோனியோ வல்சால்வா 1704-இல் இதை விவரித்தது நடுக்காதில் தேங்கிய சீழை வெளியே தள்ளத்தான். சீழைத் தள்ளும் வேகம் அதில் இருக்கிறது. புதுப்பித்த ஜவ்வுக்கும், உட்செவித் திரவத்தை மூடியிருக்கும் மெல்லிய படலமான வட்டச் சன்னலுக்கும் அந்த வேகம் ஆபத்து. பலமாக ஊதினால் உட்செவித் திரவமே கசியலாம்.

மென்மையான முறைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவது டாயின்பீ முறை. மூக்கைப் பிடித்து, தொண்டையை அடைத்து, நாக்கின் பின்பகுதியை ‘க்’ என்று சொல்வதுபோல் மேலே அழுத்திக் காற்றை அனுப்புவது ஃப்ரென்சல் முறை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மன் விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்தது. நெஞ்சின் பலம் இதில் சேராது, அதனால் அளவு மீறாது. கண்ணாடி முன் நின்று பழகுங்கள்: நாசித் துவாரம் லேசாக உப்ப வேண்டும், கன்னமும் நெஞ்சும் அசையக் கூடாது. இரண்டு காதிலும் ‘டிக்’ என்ற ஒலி சேர்ந்தாற்போல் வரும்வரை தினமும் செய்யுங்கள். ஒரு காது முந்தி மறு காது பிந்தினால் அந்த வித்தியாசமே ஆழத்தில் தலைசுற்றலைத் தரும்.

அனுமதிச் சீட்டும் முதல் இறக்கமும்

எப்போது திரும்பலாம் என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூன்று மாதம் என்பவர்களும் இருக்கிறார்கள், ஒரு வருடம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர் ஆறு மாதத்துக்குக் குறையாமல் விடுவதே நல்லது என்பது என் எண்ணம். கடல் எங்கேயும் போகாது. அனுமதி வாங்கப் போகும் அன்று, டாக்டர் எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ஈக்வலைஸ் செய்துகாட்ட வேண்டும். ஜவ்வு சீராக அசைந்தால், மெலிந்த இடம் தனியாக உப்பாவிட்டால், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குருத்தெலும்பு வைத்திருந்தால் அசைவு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், அதை அவரே சொல்வார்.

படிவத்தில் காது நோய், காது ஆபரேஷன் பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்றே எழுதுங்கள். படகு கிளம்பும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போடச் சொல்கிற கடைகள் இருக்கின்றன. அப்படிச் சொல்கிற இடத்தில் இறங்காதீர்கள். உங்கள் காதைப் பற்றித் தெரியாத பயிற்றுநர் உங்களுக்காக மெதுவாக இறங்க மாட்டார்.

முதலில் நீச்சல் குளம். ஒரு மீட்டர், பிறகு இரண்டு, அங்கேயே நின்று பாருங்கள். அடுத்த நாள் வலியோ அடைப்போ இல்லாவிட்டால் கடல், ஆனால் ஐந்தாறு மீட்டருக்குள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் கீழே தலை மேலே இருக்கும்படி இறங்குங்கள், தலைகீழாகப் போனால் குழாய் திறக்கத் திணறும். மேல்மட்டத்திலேயே ஒருமுறை ஈக்வலைஸ் செய்துவிட்டு, பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும், வலி வருமுன்பே. ஒரு முறை திறக்காவிட்டால் ஒரு மீட்டர் மேலே வந்து முயலுங்கள். மறுபடியும் திறக்காவிட்டால் அன்றைய டைவ் அத்தோடு முடிந்தது. ஜலதோஷம் இருந்தால் படகில் ஏறவே வேண்டாம். மூக்கடைப்பு மருந்து போட்டுச் சமாளித்து இறங்கினால், அதன் வேலை ஆழத்தில் முடிந்துவிடலாம். அப்போது மேலே வரும் வழியில் காற்று வெளியேற முடியாமல் காதுக்குள் மாட்டிக்கொள்ளும்.

பயணம் முடிந்து வந்த வாரத்திலேயே, காது எவ்வளவு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். ஜவ்வில் சிவப்போ, ரத்தக் கோடோ, உள்ளே நீர் கோத்ததோ தெரிந்தால், நீங்கள் ஈக்வலைஸ் செய்வது இன்னும் போதவில்லை. அடுத்த டிக்கெட் போடுமுன் மறுபடி கண்ணாடி முன் பயிற்சிக்கே போங்கள். ஜவ்வு சுத்தமாக இருந்தால், அடுத்த முறை பத்துப் பன்னிரண்டு மீட்டர் போகலாமா என்று அப்போதே அவரிடம் கேட்டுவிடுங்கள்.